ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு எந்த ராடு? டர்பன் பட்டறைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஸ்டெயின்லெஸ் ஜாயின்ட் ஒன்று ஆறு மாதத்தில் துருப்பிடித்துக் கசிந்தால், பழி பெரும்பாலும் வெல்டரின் கை மேல்தான் விழும். வெட்டிப் பார்த்தால் கை நன்றாகவே ஓடியிருக்கும். ராடு, அதாவது வெல்டிங் கம்பி, தப்பாக இருந்திருக்கும், அல்லது ராடு சரியாக இருந்தும் ஈரம் குடித்திருக்கும், அல்லது எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல், சாதா இரும்பு) தேய்த்த பிரஷ்ஷாலேயே எஸ்.எஸ்.ஸையும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தேய்த்திருப்பார்கள். எஸ்.எஸ். வேலையில் ஆர்க் அடிப்பதற்கு முன்னாலேயே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியிலும் பெரும்பகுதி ஆர்க்குக்கு முந்தைய வேலைதான்.

டர்பனையும் அதைச் சுற்றியுள்ள கரையோரத்தையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வடக்கே டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் சர்க்கரை ஆலைகள். தெற்கே உம்கோமாசில் மரக்கூழ் ஆலை. ஜேக்கப்ஸ், மோபெனி பக்கம் தொழிற்சாலைகள். நடுவில் துறைமுகம், கப்பல் ரிப்பேர். 1860-இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழிவந்த பலர் இன்று பாய்லர்மேக்கராகவும் கோடட் வெல்டராகவும் (தேர்வில் தேறிச் சான்று பெற்ற வெல்டர்) இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் தமிழ்நாட்டிலிருந்து ஷட்டவுன் வேலைக்கு (ஆலையை நிறுத்திச் செய்யும் பராமரிப்பு) வருகிறவர்களும் உண்டு. இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது.

படி 1: கையில் இருக்கும் பிளேட் எது?

முதலில் பிளேட் மேல் அச்சடித்திருக்கும் எழுத்தைத் தேடுங்கள். கிரேடும் ஹீட் நம்பரும் (உருக்கிய தொகுதியின் எண்) அதில் இருக்கும். அந்த எழுத்துள்ள ஓரத்தை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, மீதித் துண்டை அடையாளம் இல்லாமல் சாய்த்து வைக்கும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் மீதித் துண்டிலும் மார்க்கரால் கிரேடை எழுதிவிடுங்கள்.

எழுத்து இல்லையா? காந்தத்தை எடுங்கள். 304, 316 என்ற கிரேடுகள் இரண்டிலும் ஒட்டாது, வளைத்த இடத்தில் மட்டும் லேசாக இழுக்கும். 430, டூப்ளெக்ஸ் (இரட்டை அமைப்புள்ள எஸ்.எஸ்.), 3சிஆர்12 (கீழே சொல்கிறேன்) மூன்றிலும் நன்றாக ஒட்டும். ஆக, "காந்தம் ஒட்டினால் எஸ்.எஸ். இல்லை" என்பது தப்பான பேச்சு. ஒட்டாவிட்டால் 304-தான் என்பதும் தப்பு. 201 என்ற மலிவான மாங்கனீஸ் கிரேடிலும் காந்தம் ஒட்டாது. கடற்கரைக் காற்றில் அது சீக்கிரமே துரு காட்டிவிடும்.

304-ஐயும் 316-ஐயும் கண்ணாலோ காந்தத்தாலோ பிரிக்க முடியாது. அதற்கு மாலிப்டினம் சொட்டுப் பரிசோதனை இருக்கிறது. பெரிய வேலை என்றால் உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே துப்பாக்கியை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துவிடலாம். அந்தத் துப்பாக்கிக்குக் கார்பன் தெரியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. 304-ஆ, கார்பன் குறைந்த 304 எல்-ஆ என்று அது சொல்லாது. அதை எஃகு ஆலை தரும் மில் சர்டிபிகேட்டில்தான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் வெல்டருக்கு இங்கே புதிதாக இருப்பது 3சிஆர்12. இது தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்த உலோகம். மிடில்பர்க்கில் 1970-களின் பிற்பகுதியில் உருவாக்கினார்கள். குரோமியம் சுமார் 11 முதல் 12 சதவீதம், நிக்கல் மிகக் குறைவு. உலகின் குரோமைட் இருப்பில் பெரும்பகுதி இந்த நாட்டின் புஷ்வெல்ட் பாறைகளில் கிடப்பதால், நிக்கலைக் குறைத்து குரோமியத்தை நம்பும் இப்படி ஒரு எஃகு இங்கே வந்ததில் ஆச்சரியமில்லை. எம்.எஸ்.ஸைவிடப் பல மடங்கு தாங்கும், 304-ஐவிட விலை குறைவு. நிலக்கரி வேகன், சூட் (சரக்கு சரிந்து விழும் சரிவு), கன்வேயர், கரும்பாலை டிஃப்யூசர் (கரும்பிலிருந்து சாறு பிரிக்கும் கலன்) என்று பல இடங்களில் பார்க்கலாம். பார்வைக்கு மங்கலாக, சாதா இரும்பு மாதிரியே இருக்கும். எம்.எஸ். என்று நினைத்து எம்.எஸ். ராடால் ஒட்டிவிட்டால் அந்தத் தையல்தான் முதலில் அரிக்கும்.

படி 2: பாக்கெட்டில் இருக்கும் எண்ணைப் படியுங்கள்

கடையில் "எஸ்.எஸ். ராடு" என்று கேட்டால் ஏதோ ஒன்றைக் கொடுப்பார்கள். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். உதாரணமாக ஈ308எல்-16. 'ஈ' என்றால் எலெக்ட்ரோடு. 308 என்பது வெல்டில் வந்து சேரும் உலோகத்தின் கலவை: குரோமியம் 18 முதல் 21 சதவீதம், நிக்கல் 9 முதல் 11 சதவீதம். 'எல்' என்றால் கார்பன் குறைவு, 0.04 சதவீதத்துக்குள்.

அந்த 'எல்' ஏன் முக்கியம்? 304 மாதிரியான எஃகு 450 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் கொஞ்ச நேரம் நின்றால், உள்ளே இருக்கும் கார்பன் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு படிக ஓரங்களில் கார்பைடாகப் படியும். அந்த ஓரங்களில் குரோமியம் குறைந்துபோய், வெல்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு போட்ட மாதிரி அரிப்பு ஓடும். கார்பன் குறைவாக இருந்தால் இது நடக்க அவகாசம் கிடைக்காது. இன்று எல் ராடுக்கும் சாதா ராடுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. எல் வாங்குங்கள்.

கடைசி இரண்டு இலக்கம் மேல்பூச்சைச் சொல்கிறது. -15 என்றால் பேசிக் பூச்சு, டிசி மட்டும். ஏற்றத்திலும் தலைக்கு மேலும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஓட்டம் கரடு. -16 என்றால் ரூட்டைல், ஏசி டிசி இரண்டிலும் ஓடும். பட்டறைகளில் அதிகம் புழங்குவது இதுதான். -17 சிலிக்கா கலந்தது. படுக்கைவாட்டில் கண்ணாடி மாதிரி வழவழப்பாகப் படியும், ஸ்லாக் (மேலே படியும் கசடு) எளிதாகக் கழன்று வரும். ஆனால் உருகிய குழம்பு இளகியே இருப்பதால் ஏற்றத்தில் புதியவர்களுக்குக் கட்டுப்படாது. ஐரோப்பிய முறையில் எழுதிய பாக்கெட் வந்தால் குழம்ப வேண்டாம். 19 9 எல் என்றால் 308 எல், 19 12 3 எல் என்றால் 316 எல், 23 12 எல் என்றால் 309 எல்.

படி 3: எதற்கு எது

304, 304 எல் இரண்டுக்கும் 308 எல். 316, 316 எல் இரண்டுக்கும் 316 எல். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கும், உப்பையும் குளோரைடையும் எதிர்த்து நிற்பது அதுதான். 316 பிளேட்டை 308 எல்-ஆல் ஒட்டினால் பிளேட் நிற்கும், வெல்டு அரிக்கும். கடற்கரை நடைபாதைக் கைப்பிடிகளில் வெல்டு இடத்தில் மட்டும் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக வடிந்திருந்தால், ஒரு காரணம் இந்த ராடு மாற்றமாக இருக்கலாம். 304-ஐ 316 எல்-ஆல் ஒட்டுவது பெரும்பாலான இடங்களில் பரவாயில்லை. செறிவான நைட்ரிக் அமிலம் ஓடும் இடத்தில் மட்டும் கூடாது.

எஸ்.எஸ்.ஸையும் எம்.எஸ்.ஸையும் சேர்ப்பதற்கு 309 எல். இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தப்பு அதிகம் நடப்பது இங்கேதான். ஸ்டிக் வெல்டிங்கில் (ராடால் ஒட்டுவது) படியும் உலோகத்தில் கால்வாசிக்கு மேலேயே அடிப் பிளேட்டிலிருந்து உருகிக் கலக்கும். 308 எல் போட்டால், எம்.எஸ். பக்கத்திலிருந்து வரும் இரும்பு குரோமியத்தையும் நிக்கலையும் நீர்க்கச் செய்துவிடும். ஆறும்போது கடினமான, உடையும் தன்மையுள்ள அமைப்பு உருவாகும். வெளியே பார்க்க அழகான பீட் (வெல்டு வரி), உள்ளே விரிசல். 309 எல்-இல் குரோமியம் 22 முதல் 25, நிக்கல் 12 முதல் 14 சதவீதம். நீர்த்த பிறகும் மிச்சம் போதுமான அளவு நிற்கும். 316-ஐ எம்.எஸ்.ஸோடு சேர்த்து, அந்த முகம் உப்புத் தண்ணீரைப் பார்க்கும் என்றால் மாலிப்டினம் சேர்ந்த 309 வகையைப் போடுங்கள். ஜாயின்ட் சுமார் 400 டிகிரிக்கு மேல் வேலை செய்யும் என்றால் 309 எல்-ஐ விட்டுவிட்டு நிக்கல் அடிப்படை ராடைப் பற்றி இன்ஜினியரிடம் கேளுங்கள். இரண்டு எஃகும் வேறு வேறு அளவில் விரிவதால் அங்கே நாளடைவில் பிளவு வரும்.

கால்வனைஸ் செய்த இரும்போடு எஸ்.எஸ். சேர்ப்பதாக இருந்தால் ஜிங்க் பூச்சை அந்த இடத்தில் முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகுதான் ஆர்க். உருகிய ஜிங்க் எஸ்.எஸ்.ஸின் படிக ஓரங்களில் புகுந்து பிளந்துவிடும்.

3சிஆர்12-க்கும் 309 எல்-தான் முதல் தேர்வு. 308 எல், 316 எல்-ஆலும் ஒட்டலாம், ஆனால் மறுபக்கம் எம்.எஸ். இருந்தால் 309 எல்-ஐ விடாதீர்கள். இதில் சூட்டைக் குறைவாகக் கொடுக்க வேண்டும். அதிகச் சூட்டில் வெல்டுக்குப் பக்கத்துப் படிகங்கள் பெருத்து உடையும் தன்மை வந்துவிடும். சின்னச் சின்ன ரன்னாக (ஒரு தடவையில் ஓட்டும் வெல்டு), ஒவ்வொன்றும் 100 டிகிரிக்குக் கீழே ஆறவிட்டு ஓட்டுங்கள்.

மற்றவை சுருக்கமாக. 321-க்கும் 347-க்கும் 347 ராடு, ஏனென்றால் 321-இல் இருக்கும் டைட்டானியம் ஆர்க்கில் எரிந்துபோகும், 347-இல் இருக்கும் நியோபியம் தாங்கும். 2205 டூப்ளெக்ஸுக்கு 2209. சூளை, பர்னர் போன்ற கொதிக்கும் இடங்களுக்கு 310. இது சூட்டில் விரிசல் விடக்கூடியது, அதனால் ஒல்லியான ரன் மட்டும். எந்த எஃகு என்றே தெரியாத உடைந்த பாகம், ஸ்பிரிங், கருவி எஃகு போன்ற ரிப்பேருக்கு 312. பட்டறையில் ஒரு பாக்கெட் 312 இருப்பது நல்லதுதான், ஆனால் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கும் பழக்கம் வேண்டாம். அதிகச் சூட்டில் வேலை செய்யும் இடத்தில் அது இறுகி உடைந்துவிடும்.

படி 4: ஈரம்

இந்தக் கரையோரத்தில் நான் மிகவும் கவலைப்படும் விஷயம் இதுதான். கரும்பாலைகள் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை அரைக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை ஆலை நிற்கும், அப்போதுதான் எவாப்பரேட்டர், ஹீட்டர், தொட்டி, பைப் என்று மொத்தப் பராமரிப்பும் நடக்கும். அதே மூன்று மாதங்கள்தான் டர்பனில் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் மாதங்கள். எஸ்.எஸ். ராடு அதிகம் ஓடும் காலமும் ராடு அதிகம் ஈரம் குடிக்கும் காலமும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன.

மேல்பூச்சு மழைக்காலத்து உப்பு மாதிரி, திறந்து வைத்தால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். ஈரமான ராடு ஆர்க்கில் படபடவென்று வெடிக்கும், ஸ்லாக் ஒட்டிக்கொண்டு வராது, பீடில் ஊசித் துளைகள் விழும். ரன் ஆரம்பிக்கும் இடத்தில் துளைகள் கூட்டமாக இருந்தால் முதலில் ராடைச் சந்தேகப்படுங்கள்.

வேலைக்குத் தேவையான பாக்கெட்டை மட்டும் பிரியுங்கள். பிரித்த ராடுகளை 100 முதல் 150 டிகிரியில் இருக்கும் ஓவனில் வையுங்கள், ஜாப் பக்கத்தில் சூடான குயிவரில் (ராடு வைக்கும் கைப்பெட்டி) வைத்து ஒவ்வொன்றாக எடுங்கள். ராத்திரி வெளியே கிடந்தவற்றை மறுபடி சுட வேண்டும். ரூட்டைல் எஸ்.எஸ். ராடுகளுக்குப் பொதுவாக 250 முதல் 350 டிகிரி, ஒன்று முதல் இரண்டு மணி நேரம். சரியான அளவு பாக்கெட்டிலேயே இருக்கும், அதைத்தான் பின்பற்ற வேண்டும். மின்சாரம் போய் ஓவன் அணைந்து, மறுநாள் யாரும் கவனிக்காமல் அதே ராடுகளை எடுத்துக்கொண்டு போவது நடக்கும். ஓவன் கதவிலேயே ஒரு தெர்மாமீட்டரும் ஒரு சிலேட்டும் தொங்கட்டும். வெயிலில் காயவைப்பது, ஹோல்டரில் பிடித்து ஷார்ட் செய்து சூடாக்குவது இரண்டும் வேண்டாம். பூச்சு பிளந்து போகும், உள்ளிருக்கும் ஈரமும் போகாது.

படி 5: சுத்தமும் பிட்டப்பும் (பொருத்துதல்)

எஸ்.எஸ்.ஸுக்கு என்று தனி பிரஷ், தனி கிரைண்டிங் டிஸ்க், தனி மேஜை. டிஸ்க் இரும்பு, கந்தகம், குளோரின் இல்லாத வகையாக இருக்க வேண்டும். எம்.எஸ். தேய்த்த டிஸ்க்கில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகள் எஸ்.எஸ். மேல் பதிந்து, ஒரு மழைக்குப் பிறகு பழுப்புப் புள்ளியாகத் தெரியும். வாடிக்கையாளர் "கொடுத்தது எஸ்.எஸ்.தானா" என்று கேட்பார், நியாயமான கேள்விதான்.

எண்ணெய், மார்க்கர் மை, பெயின்ட் எல்லாவற்றையும் அசிட்டோனால் துடைத்து, நன்றாக உலரவிட்டு அப்புறம் ஆர்க் அடியுங்கள். குளோரின் கலந்த கிளீனர் எதையும் பக்கத்தில் வைக்காதீர்கள். ஆர்க் வெளிச்சத்திலும் சூட்டிலும் அது விஷ வாயுவாக மாறும்.

எஸ்.எஸ். எம்.எஸ்.ஸைவிட ஒன்றரை மடங்கு விரியும், சூட்டைக் கடத்துவதோ மூன்றில் ஒரு பங்குதான். சூடு ஒரே இடத்தில் தேங்கி பிளேட் முறுக்கிக்கொள்ளும். அதனால் டேக்குகளை (பிடித்து நிறுத்தும் சின்ன ஒட்டுகள்) எம்.எஸ்.ஸில் போடும் இடைவெளியில் பாதிக்கு ஒன்றாகப் போடுங்கள். ஒரு ஓரத்திலிருந்து வரிசையாகப் போகாமல், இரண்டு முனை, நடு, அப்புறம் இடையிடையே என்று போங்கள். பின்னால் செம்புப் பட்டை வைத்தால் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

படி 6: புகை

இதை ஆர்க்குக்கு முன்னால் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. எஸ்.எஸ். ராடு எரியும்போது வரும் புகையில் ஆறிணைதிறக் குரோமியமும் நிக்கலும் இருக்கும். ஸ்டிக் வெல்டிங்கில் இந்தக் குரோமியம், ஆர்கான் வாயுக் காப்பில் செய்யும் டிக் வெல்டிங்கைவிட மிக அதிகம். வெல்டிங் புகையை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகையில் சேர்த்தது. "பால் குடித்தால் புகை போய்விடும்" என்று இன்னும் சொல்கிறார்கள். போகாது. புகையை இழுக்கும் குழாயை ஆர்க்கின் பக்கத்திலேயே வைக்க வேண்டும், முகத்தைப் புகைக்கு நேர்மேலே நீட்டக் கூடாது, நல்ல ஃபில்டர் உள்ள மாஸ்க் அல்லது காற்று வரும் ஹெல்மெட் வேண்டும். தொட்டிக்குள் இறங்கினால் காற்றுப் பரிசோதனையும், வெளியே ஒரு ஆளும் இல்லாமல் ஆர்க் அடிக்கவே கூடாது. 1993-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புச் சட்டப்படி இதை ஏற்பாடு செய்வது முதலாளியின் கடமை. கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை, தம்பி.

படி 7: ஆர்க்

டிசி, ராடு பாசிட்டிவ். எஸ்.எஸ். கம்பிக்கு மின்தடை அதிகம். அதனால் அதே தடிமன் எம்.எஸ். ராடைவிட 10 முதல் 20 சதவீதம் குறைவான ஆம்ஸ் போதும். 2.5 மி.மீ. ராடுக்கு சுமார் 55 முதல் 80, 3.2-க்கு 80 முதல் 115, 4 மி.மீ.க்கு 110 முதல் 155 என்று ஆரம்பித்து, பாக்கெட்டோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ராடு பாதி எரிவதற்குள் மிச்சப் பாதி சிவந்து, பூச்சு வெடித்து உதிர ஆரம்பித்தால் ஆம்ஸ் அதிகம். அந்த ராடைத் தொடராதீர்கள், பூச்சின் காப்பு அதில் போய்விட்டது.

ஆர்க்கை ஜாயின்ட் பள்ளத்துக்குள்ளேயே அடியுங்கள். பிளேட் முகத்தில் உரசிய தடம் ஒவ்வொன்றும் அரிப்புக்கு ஒரு வாசல். ஆர்க் குட்டையாக இருக்கட்டும், ராடைப் போகும் திசையில் லேசாகச் சாய்த்து நேர் ரன்னாக இழுங்கள். அகலமாக அசைக்க வேண்டாம், அசைத்தாலும் கம்பித் தடிமனில் இரண்டரை மடங்குக்குள். அடுத்த ரன்னுக்கு முன்னால் பிளேட் 150 டிகிரிக்குக் கீழே வரட்டும். முடிக்கும்போது சட்டென்று ராடைத் தூக்கினால் குழியில் நட்சத்திர விரிசல் விழும். கொஞ்சம் பின்னால் வந்து குழியை நிரப்பி, அப்புறம் தூக்குங்கள்.

நல்ல ரூட்டைல் ராடு, சரியான ஆம்ஸ் என்றால் ஆறிவரும்போது ஸ்லாக் தானாகவே ஓரம் வளைந்து, டிக் டிக் என்று சத்தம் போட்டுக் கிளம்பும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் கண்ணாடி இல்லாமல் குனிந்து பார்க்கக் கூடாது. சூடான சில்லு எகிறி நேராகக் கண்ணுக்கு வரும்.

படி 8: ஆறிய பிறகு

வெல்டைச் சுற்றி வைக்கோல் மஞ்சள், செம்பு, ஊதா, நீலம் என்று நிறம் வந்திருக்கும். அந்த நிறத்துக்குக் கீழே குரோமியம் குறைந்த ஒரு மெல்லிய தோல் இருக்கிறது. லேசான வைக்கோல் நிறத்தைச் சாதாரண இடங்களில் விடலாம். நீலமும் கறுப்பும் போயே ஆக வேண்டும், 3சிஆர்12-இல் இன்னும் கண்டிப்பாக.

இதற்கு பிக்ளிங் பேஸ்ட் பயன்படுத்துவார்கள். அதில் நைட்ரிக் அமிலத்தோடு ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் இருக்கும். இரண்டாவது அமிலம் தோலில் பட்டால் முதலில் வலியே தெரியாமல் எலும்பு வரை இறங்கும். கையுறை, முகக்கவசம், ஏப்ரன் போட்டு, கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிறகுதான் டப்பாவைத் திறக்க வேண்டும். பட்டால் உடனே தண்ணீரில் கழுவி, ஜெல் தடவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், வலிக்கவில்லை என்றாலும். கழுவிய தண்ணீரை அப்படியே சாக்கடையில் விடக் கூடாது, நடுநிலையாக்கிய பிறகே அகற்ற வேண்டும். அப்புறம் டை பெனட்ரன்ட் என்ற சாயத்தை அடித்து விரிசல் பாருங்கள், முக்கியமாக ரன் முடிந்த குழிகளில்.

ராடு வேண்டாத இடங்கள்

பால், பழச்சாறு, பீர் ஓடும் பைப்பை ராடால் ஒட்டாதீர்கள். உள்பக்கம் ஸ்லாக்கும் கரடும் நிற்கும், அதில் கிருமி தங்கும். அங்கே உள்ளே ஆர்கான் நிரப்பி டிக் வெல்டிங் மட்டும். 2 மி.மீ.க்குக் குறைந்த ஷீட்டுக்கும் டிக்தான் நல்லது. ஆலையில் கரும்பு நசுக்கும் உருளைகளுக்கு ஹார்டுபேசிங் ராடு (தேய்மானம் தாங்கும் கடினப் பூச்சு போடுவது) தனி, குரோமியம் என்று பெயரில் இருப்பதால் எஸ்.எஸ். ராடை அங்கே எடுக்க வேண்டாம்.

ராடுக்கு இன்னும் பெரிய இடம் இருக்கிறது. டிஃப்யூசர் தட்டுகள், சாறுத் தொட்டி, எவாப்பரேட்டர் உடல், கூழ் ஆலையின் ரசாயனத் தொட்டிகள், கப்பல் தளத்தில் காற்றடிக்கும் திறந்த வெளி, சுத்திகரிப்பு ஆலையில் ஏணி மேல் நின்று ஒட்டும் நாசில் (கலனின் குழாய் வாய்). வாயு சிலிண்டரை இழுத்துக்கொண்டு போக முடியாத, காற்று வாயுவை அடித்துக்கொண்டு போகிற எல்லா இடத்திலும் ராடுதான் கைகொடுக்கும்.

அழுத்தக் கலன், அழுத்தப் பைப் என்றால் 2009-ஆம் ஆண்டின் அழுத்தக் கருவி விதிகள் பொருந்தும். எழுதப்பட்ட வெல்டிங் நடைமுறையும், அதற்குத் தேர்ச்சி பெற்ற வெல்டரும், இன்ஸ்பெக்டரும் வேண்டும். அதில் ராடின் வகுப்பும் தடிமனும் குறித்திருக்கும், பட்டறையில் "அதே மாதிரிதானே" என்று மாற்ற முடியாது. பாக்கெட் காலியானதும் தூக்கிப் போடாமல், பேட்ச் எண் உள்ள பக்கத்தைக் கிழித்து ஜாப் கோப்பில் வையுங்கள். எந்த ஜாயின்ட்டில் எந்த பேட்ச் ஓடியது என்று பக்கத்திலேயே எழுதிப் பத்திரப்படுத்துங்கள்.